தமையன் கட்டிய கார்

தமிழ்த்துறை மலருக்கு ஆண்டுதோறும் யாம் எழுதித் தருவது பெரும்பாலும் இலக்கியக் கட்டுரையாகவே இருந்து வந்துள்ளது. கிஸ்ஸா நூல்கள் பற்றி ஒருமுறை, முனாஜாத்துப் பாடல்களின் சந்தம் பற்றி ஒருமுறை, படைப்போர் இலக்கியம் பற்றி இருமுறை எழுதியிருக்கின்றோம். இவ்வாண்டு கார்ப் பந்தயம் பற்றி எழுதவிருக்கின்றோம் என்று மலர்க் குழு மாணவர்களிடம் தெரிவித்தபோது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். துறைத் தலைவர் அவர்கள் மட்டும், "எழுதுங்கள், படித்துப் பார்ப்போம்" என்றார்கள். எமக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும், எம்மிடம் உள்ளது பதினான்கு ஆண்டுப் பழமை வாய்ந்த ஸ்கூட்டர் ஒன்றுதான் என்பதையும் அவர்கள் நன்கறிவார்கள்.

மகிழுந்து என்று எழுதுவதே எம் வழக்கம். ஆயினும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் விரைந்து, ஓட்டுபவரின் எலும்பை முறிக்கவும் உயிரைக் குடிக்கவும் வல்ல ஓர் ஊர்தியை மகிழுந்து என்றழைக்க எம் மனம் இசையவில்லை. ஆதலின் இக்கட்டுரை முழுதும் கார் என்றே எழுதுகின்றோம். தனித்தமிழ்ப் பெரியவர்கள் பொறுத்தருள்க.

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் முதல் வாரம். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் திருக்குறளின் தெரிந்து செயல்வகை அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு வினையில் இறங்குமுன் அதன் இழப்பையும் பேற்றையும் எடைபோட வேண்டியதன் இன்றியமையாமையைச் சற்று விரிவாகவே விளக்கினோம். எடுத்துக்காட்டுகளும் தந்தோம். அவை எல்லாம் கடந்த பதினைந்து ஆண்டுகளாக யாம் தந்து வரும் எடுத்துக்காட்டுகளே. அப்போது கடைசி வரிசையில் அமர்ந்திருந்த வணிகவியல் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஹாமில்டன் மெர்சிடஸை விட்டு ஃபெராரிக்குப் போகிறாரே, அது தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. யார் அந்த ஹாமில்டன் என்று கேட்டோம். வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை எம்மைப் பார்த்து.

நாளை விடை சொல்வதாகக் கூறி அன்றைய வகுப்பை முடித்தோம். விடை சொல்லும் பொருட்டே இத்துறையில் எம் கல்வி தொடங்கிற்று. ஆசிரியரும் மாணவரும் இடம் மாறிக்கொண்ட அந்த நாள்களில், அந்த மாணவன் இடைவேளைதோறும் ஆசிரியர் அறைக்கு வந்து எமக்குப் பாடம் நடத்தினான்.

பெரியவர்களுக்காக ஒன்றை மட்டும் விளக்கிவிடுகின்றோம். ஃபார்முலா ஒன் எனப்படும் இப்பந்தயத்தில் 2024இல் பத்து அணிகள் போட்டியிட்டன. அணிக்கு இரண்டு கார்கள். எல்லா அணிகளும் ஒரே காரை ஓட்டுவதில்லை. ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைத்துக் கட்டுகின்றது. ஓட்டுநர் எத்துணைத் திறமையுடையவராயினும் கார் மந்தமானதாக இருப்பின் பின்வரிசையில்தான் நிற்பார். நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியின் காரை ஓட்டியபோது நேர்ந்தது இதுவே. ஆகவே எந்த அணியில் இருப்பது என்று முடிவு செய்வது, இவ்விளையாட்டில் எவ்வாறு ஓட்டுவது என்று முடிவு செய்வதற்கு நிகரானது. சில வேளைகளில் அதனினும் பெரியது.

ஹாமில்டனுக்கு இது முதல் மாற்றம் அன்று. 2008இல் மெக்லாரன் அணியில் உலகச் சாம்பியன் ஆனவர், 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்வணியை விட்டு மெர்சிடஸுக்குச் செல்வதாக அறிவித்தார். 2010இல் தனக்கெனச் சொந்த அணியுடன் களத்திற்குத் திரும்பிய மெர்சிடஸ், அந்நாள்வரை வென்றிருந்தது ஒரே ஒரு பந்தயம். அறிந்தோர் பலர் தலையசைத்து வருந்தினர். அவரை அங்கு வரச் செய்வதில் பெரும்பங்கு ஆற்றியவர் நிக்கி லவ்டா என்னும் முன்னாள் சாம்பியன். அதன்பின் 2014 முதல் 2020 வரை ஆறு பட்டங்களை ஹாமில்டன் அங்கே வென்றார். தலையசைத்தவர்கள் அனைவரும் அவருடைய தொலைநோக்கைப் புகழ்ந்தனர். இத்தகைய ஒருவர்தாம் 2024 பிப்ரவரி முதல் நாள், தம் நாற்பதாம் வயதில் ஃபெராரியில் சேரப்போவதாக அறிவித்தார். அவ்வணியில் அவருக்கு முதலாண்டான 2025இல், சீனாவில் நடந்த குறும்பந்தயம் ஒன்றை வென்றதைத் தவிர, முழுப் பந்தயம் எதிலும் முதல் மூவருக்குள் அவரால் வர இயலவில்லை.

அம்மாணவனுக்கு மைக்கேல் ஷூமாக்கர் மீது அளவற்ற பற்று. அவன் பிறப்பதற்கு முன்னரே பட்டங்களை வென்று முடித்த ஒருவர் மீது அவனுக்கு இவ்வளவு பற்று எங்ஙனம் வந்தது என்று யாம் வியந்தோம். பிறகு, நாமும் கம்பரையும் உமறுப் புலவரையும் நேரில் கண்டதில்லையே என்று அமைதி கொண்டோம். 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பெனட்டன் அணியில் பட்டம் வென்ற ஷூமாக்கர், இருபத்தாறாம் வயதில் அவ்வணியை விட்டு ஃபெராரியில் சேர்ந்தார். ஃபெராரி ஓட்டுநர் ஒருவர் இறுதியாகப் பட்டம் வென்றது 1979இல். 1996ஆம் ஆண்டு ஃபிரான்சு நாட்டுப் பந்தயத்தில் ஷூமாக்கர் முதலிடத்திலிருந்து புறப்பட வேண்டியவர்; பந்தயம் தொடங்குவதற்கு முன் எல்லாக் கார்களும் மெதுவாக ஒரு சுற்று வருமே, அந்தச் சுற்றிலேயே அவருடைய எந்திரம் புகைந்து நின்றுவிட்டது. 1997இல் போட்டியாளர் காரின் மீது மோதியமைக்காக அவ்வாண்டின் தரவரிசையிலிருந்தே நீக்கப்பட்டார். 1999இல் கால் முறிந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் ஜப்பானின் சுசூகாவில்தான் ஃபெராரியின் இருபத்தோராண்டுக் காத்திருப்பு முடிந்தது. அதிலிருந்து தொடர்ந்து ஐந்து பட்டங்கள். "பார்த்தீர்களா ஐயா, இதுதான் தெரிந்து செய்தல்" என்றான் மாணவன்.

யாமும் உடன்பட்டிருப்போம். ஆனால் அவன் கொடுத்த தாள்களில் ஓர் ஓரத்தில் இருந்த மூன்றாவது பெயர் எம் கண்ணை உறுத்திற்று. வரலாற்றின் மிகத் தவறான அணி மாற்றங்கள் என்னும் தலைப்பின்கீழ் அப்பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு வரி: தமையன் தொடங்கிய அணிக்குச் சென்றார். அந்த ஒரு வரி இல்லையெனில் இக்கட்டுரையே இல்லை.

எமர்சன் ஃபிட்டிபால்டி பிரேசில் நாட்டுச் சாவோ பாலோ நகரத்தவர், 1946இல் பிறந்தவர். தமையன் வில்சன் அவரினும் மூன்று ஆண்டு மூத்தவர். தந்தையார் வானொலியில் பந்தய வருணனை செய்பவர். இளமையில் வில்சன் சிறு பந்தய வண்டிகளை ஓட்டுவார். எமர்சன் அவற்றைக் கழற்றிப் பூட்டுவார். தமையன் ஓட்ட, தம்பி கையில் திருப்புளியும் எண்ணெய்க் கறையுமாக நின்ற காலம் அது. பின்னர் இருவரும் சேர்ந்து கார்களுக்கான திருகுச் சக்கரங்களும் சிறு பந்தய வண்டிகளும் செய்து விற்றனர்.

1969இல் எமர்சன் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டே லோட்டஸ் அணியின் ஃபார்முலா ஒன் கார் அவர் கைக்கு வந்தது. அவ்வணியின் தலைமை ஓட்டுநர் யோகன் ரிண்ட் அதே ஆண்டு செப்டம்பரில் மொன்சாவில் விபத்தில் இறந்தார். அடுத்த மாதமே அமெரிக்கப் பந்தயத்தை எமர்சன் வென்றார். அவ்வெற்றியால்தான் இறந்துபோன ரிண்டுக்கு அவ்வாண்டின் பட்டம் உறுதியாயிற்று. 1972இல் எமர்சன் தாமே உலகச் சாம்பியன் ஆனார். அப்போது அகவை இருபத்தைந்து. அவரினும் இளையவர் ஒருவர் அப்பட்டத்தை வெல்ல 2005 வரை உலகம் காத்திருந்தது. மொன்சாவில் அவர் பட்டம் வென்றபோது பிரேசில் வானொலியில் அதனை வருணித்துக்கொண்டிருந்தவர் தந்தையாரே.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். எமர்சன் அணி மாறுதலின் நுட்பம் அறியாதவர் அல்லர். 1973 முடிவில் லோட்டஸை விட்டு மெக்லாரனுக்குச் சென்றார். 1974இல் அங்கும் பட்டம் வென்றார். மெக்லாரன் அணிக்கு அதுவே முதற் பட்டம். 1975இல் லவ்டாவுக்கு அடுத்து இரண்டாமிடம். நல்ல கார் எது, கெட்ட கார் எது என்பதை முதுகெலும்பால் உணரக்கூடியவர் உலகில் சிலரே இருந்தனர் எனின், அவருள் ஒருவர் அவர்.

இதற்கிடையில் தமையன் வில்சன் இரண்டாண்டு காலம் பிரபம் அணியில் ஓட்டிவிட்டு, பிரேசிலிலேயே ஃபார்முலா ஒன் கார் கட்டுவது என்று துணிந்தார். அதுவரை தென்னமெரிக்காவில் எவரும் செய்யாத முயற்சி. சாவோ பாலோ மாநிலத்துச் சர்க்கரை, எரிசாராய உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பாகிய கோப்பர்சூக்கர் பொருளுதவி தந்தது; அதன் பெயரே அணிக்கும் ஆயிற்று. ரிக்கார்தோ திவிலா என்னும் பிரேசில் பொறியாளர் காரை வடிவமைத்தார். பிரேசிலின் வானூர்தி நிறுவனமான எம்பிரேயரும் துணை நின்றது. 1975 சனவரியில் அர்ஜென்டினாவில் அக்கார் முதன்முறை களமிறங்கியது. பதின்மூன்றாம் சுற்றைக் கூடக் காணாமல் மோதித் தீப்பற்றிக்கொண்டது. ஓட்டிய வில்சன் உயிர் தப்பினார். அவ்வாண்டு முழுதும் அவர் பெற்ற மிகச் சிறந்த இடம் பத்தாவது.

தம்பி எமர்சன் அதே களங்களில் அதே ஆண்டு முன்வரிசைகளில் நின்றவர். தமையனின் கார் கடைசி வரிசைகளில் நிற்பதை ஒவ்வொரு பந்தயத்திலும் கண்ணால் கண்டவர். அக்கார் எத்தகையது என்று எவரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் 1975 முடிவில், மெக்லாரன் தம்மைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பிய வேளையில், அதனை விட்டுத் தமையனிடம் சென்றார். வில்சன் ஓட்டுவதை விட்டு அணியை நடத்தும் பொறுப்பை ஏற்றார். அன்றுபோல் இடம் மாறிற்று. இப்போது தம்பி ஓட்டுநர், தமையன் காரைக் கட்டிக் கொடுப்பவர்.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். எமர்சன் காலி செய்த மெக்லாரன் இருக்கையில், அப்போது அணியின்றி நின்ற ஜேம்ஸ் ஹன்ட் என்னும் ஆங்கிலேயர் அமர்ந்தார். அவரே 1976இன் உலகச் சாம்பியன்; 69 புள்ளிகள். எமர்சன் பெற்றவை 3. பெல்ஜியத்தின் சோல்டரில் நடந்த பந்தயத்தில் ஓடுவதற்கான தகுதி நேரத்தையே எட்ட இயலாமல், இருமுறை உலகச் சாம்பியன் வெளியே நின்று பார்க்க வேண்டியதாயிற்று. 1977இல் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அதுவே நிகழ்ந்தது. நாட்டின் பெருமை என்று தொடங்கிய கார், பிரேசில் ஏடுகளிலேயே நகைப்புக்குரிய பொருளாயிற்று. தாம் விட்டு வந்த காரில் மற்றொருவர் மாலை சூடுவதை ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டு, தகுதி பெறாத காரின் அருகே நிற்பது எத்தகைய உணர்வாக இருந்திருக்கும்? அவ்விடத்தில் யாம் நெடுநேரம் நின்றுவிட்டோம்.

ஆயினும் 1978 சனவரி 29ஆம் நாள் ஒன்று உண்டு. ரியோ நகரின் ஜாக்கரபாகுவா களத்தில், சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், தமையன் கட்டிய மஞ்சள் நிறக் காரில் எமர்சன் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த ஃபெராரிக்கும் அவருக்கும் இடையே 49 நொடிகள். மூன்றாவதாக, அவருக்குப் பின்னே வந்தவர் நிக்கி லவ்டா. அவ்வாண்டு முடிவில் அணிகளின் தரவரிசையில் ஃபிட்டிபால்டி சகோதரர்களின் அணி 17 புள்ளிகளுடன் ஏழாமிடம். எமர்சன் விட்டுவந்த மெக்லாரன் 15 புள்ளிகளுடன் எட்டாமிடம். தவறான முடிவுகளின் பட்டியல் எழுதுவோர் இந்த வரியை எழுதுவதில்லை.

அந்த ஒளி நீடிக்கவில்லை. 1979க்கென்று ரால்ஃப் பெல்லமி என்னும் வடிவமைப்பாளரைக் கொண்டு புதிய கார் ஒன்று கட்டினர். தென்னாப்பிரிக்காவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்ததும் அது தேறாது என்று தெரிந்துவிட்டது. மீண்டும் பழைய காரையே எடுத்து ஓட்டினர். அவ்வாண்டில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. ஆண்டு முடிவில் கோப்பர்சூக்கர் விலகிக்கொண்டது. 1980இல் வேறு ஆதரவாளர், வேறோர் அணியுடன் இணைப்பு என்று முயன்றனர். லாங் பீச்சில் மூன்றாமிடம் பெற்ற எமர்சன் அவ்வாண்டோடு ஃபார்முலா ஒன்னை விட்டு விலகினார். தமையனிடம் கழித்த ஐந்தாண்டுகளில் ஒரு வெற்றியும் இல்லை. அவருடைய பதினான்கு வெற்றிகளும் அதற்கு முற்பட்டவை. 1982ஆம் ஆண்டுடன் அணியே இல்லாமற் போயிற்று. அவ்வணியில் எமர்சனுக்குத் துணை ஓட்டுநராக இருந்த கேகே ரோஸ்பெர்க், வேறு அணிக்குச் சென்று அதே 1982இல் உலகச் சாம்பியன் ஆனார். விட்டுப் போனவர்களுக்கு எல்லாம் வாய்க்கின்றது; இருந்தவருக்கு இல்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் வகுப்பில் விடை சொன்னோம். ஷூமாக்கரும் ஃபிட்டிபால்டியும் செய்தது ஏறத்தாழ ஒரே செயல். வெல்லும் காரை விட்டு வெல்லாத காருக்குச் சென்றனர். ஒருவர் வென்றார்; ஆதலின் அது தெரிந்து செய்ததாயிற்று. மற்றவர் தோற்றார், ஆதலின் அது தெரியாமல் செய்ததாயிற்று. முடிவை வைத்து முடிவெடுத்ததை அளப்பது தேர்வு முடிந்தபின் வினாத்தாளுக்கு விடை எழுதுவது போன்றது என்றோம். மாணவன் விடவில்லை. "இல்லை ஐயா. ஷூமாக்கர் தனியாகப் போகவில்லை. பெனட்டனில் அவருடன் இருந்த ராஸ் பிரானும் ரோரி பர்னும் பின்னாலேயே ஃபெராரிக்கு வந்தார்கள். ஃபெராரியிடம் பணம் இருந்தது. ஃபிட்டிபால்டியிடம் அண்ணன் மட்டும்தான் இருந்தார்" என்றான். அவன் கூறியது சரியே. யாம் அன்று மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

பேசாமைக்கு வேறொரு காரணம் இருந்தது. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது.

எம் காக்கா எம்மினும் ஏழாண்டு மூத்தவர். வாப்பா இறந்தபோது எமக்குப் பதினொரு வயது; காக்கா படிப்பை நிறுத்திவிட்டு, வாப்பாவின் நண்பர் நடத்திய அச்சகத்தில் அச்சுக் கோக்கச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் சொந்தமாகச் சிறு அச்சகம் வைத்தார். நிக்காஹ் அழைப்பிதழ், கடைகளுக்கான பில் புத்தகம், கந்தூரி நோட்டீஸ் என்று ஊர் முழுவதற்கும் அங்கேதான் அச்சாகும். எம் இளங்கலையும் முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் அந்த மினி ஆஃப்செட் எந்திரத்தின் உழைப்பு. எம் ஆய்வேட்டை அச்சிட்டு, மேலட்டையில் பொன்னெழுத்துப் பதித்துக் கட்டித் தந்தவரும் அவரே. படிகளைக் கையில் வாங்கியபோது அவர் கைவிரல்களில் மை இருந்தது; அட்டையில் ஒரு துளியும் படவில்லை.

2009இல் காக்காவுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நம் முன்னோர் எழுதிய கிஸ்ஸாக்களும் மசலாக்களும் முனாஜாத்துகளும் பழைய தாளில் பொடிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் திருத்தமாகப் பதிப்பித்து வெளியிட வேண்டும் என்பது. அந்த எண்ணத்தை அவர் மனத்தில் விதைத்தவர்கள் யாமே. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அச்சகத்தின் மர நாற்காலியில் அமர்ந்து அந்நூல்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். மினி ஆஃப்செட்டில் புத்தகம் போட வசதிப்படாது என்று அதனை விற்று, உம்மாவின் நகையையும் சேர்த்து, டெம்மி அளவுத் தாள் ஓடும் பழைய எந்திரம் ஒன்றைச் சிவகாசியிலிருந்து வாங்கி இறக்கினார். பிறகு எம்மை அழைத்தார். "எந்திரத்தை நான் பார்த்துக்கிறேன் தம்பி. எழுத்தை நீ பாரு. வேலையை விட்டுட்டு வந்துடு" என்றார்.

எமக்கு அப்போதுதான் பணி நிரந்தரமாகியிருந்தது. மணமாகி மூத்த மகள் பிறந்திருந்தாள். எல்லாவற்றையும் எடைபோட்டோம். அழிவது எது, ஆவது எது என்று வகுப்பில் சொல்லித் தருகின்ற முறைப்படியே எண்ணிப் பார்த்தோம். "இப்ப முடியாது காக்கா" என்றோம். அவர் ஒரு நொடி எம் முகத்தைப் பார்த்தார். "சரி தம்பி" என்றார். அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பின்பும் சொன்னதில்லை.

முதல் நூல் 2010இல் வெளிவந்தது. எமக்கு ஒரு படி அனுப்பினார். மெய்ப்புத் திருத்தியவர் யாரென்று தெரியவில்லை. ஒற்று மிகும் இடத்தில் மிகாமலும், மிகாத இடத்தில் மிகுந்தும், இரண்டு பாடல்கள் ஒன்றாகக் கலந்தும் இருந்தன. பேராசிரியப் பழக்கத்தால் பென்சில் கொண்டு குறிக்கத் தொடங்கி, நாற்பதாம் பக்கத்தில் கை ஓய்ந்து மூடி வைத்தோம். அந்நூலின் வெளியீட்டு விழாவில் பெரியவர் ஒருவர் எழுந்து, தம்பி கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார், தமையன் போடுகிற புத்தகத்தில் இத்தனை பிழையா என்று மேடையிலேயே கேட்டாராம். யாம் அவ்விழாவுக்குச் செல்லவில்லை. விடைத்தாள் திருத்தும் பணி இருந்தது. அல்லது, இருந்தது என்று சொல்லிக்கொண்டோம்.

இரண்டாவது நூலோடு வெளியீடு நின்றது. 2013இல் அச்சகமும் மூடப்பட்டது. எந்திரத்தை இரும்பு விலைக்கு எடுத்துச் சென்றார்கள். காக்கா இப்போது பேருந்து நிலையத்தின் அருகே நகலெடுக்கும் கடை வைத்திருக்கின்றார். யாம் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்னும் வினாவை இத்தனை ஆண்டுகளும் எவரிடமும் கேட்டதில்லை. அவ்வினாவுக்கு விடை சொல்லுவது போல எங்கோ பிரேசிலில் ஒருவர் சென்று பார்த்திருக்கின்றார். சென்றும் கார் ஓடவில்லை. இதனால் எமக்கு ஆறுதல் வர வேண்டும். ஏனோ வரவில்லை. தோற்கும் என்று தெரிந்த காரில் ஏறி அமர்ந்த அந்த மனிதர் மீது எமக்கு முதலில் எழுந்தது, வெளிப்படையாகச் சொல்வதானால், பொறாமை.

ஹாமில்டன் செய்தி வந்த மூன்று வாரங்கள் கழித்து அம்மாணவன் ஒருநாள் காலையிலேயே ஆசிரியர் அறை வாயிலில் நின்றான். "ஐயா, அந்த அண்ணன் இறந்துவிட்டார்" என்றான். எந்த அண்ணன் என்று ஒரு கணம் எம் நெஞ்சு நின்றுவிட்டது. வில்சன் ஃபிட்டிபால்டி 2024 பிப்ரவரி 23ஆம் நாள் சாவோ பாலோவில் காலமானார், அகவை எண்பது. அவனுக்கு எம் குடும்பக் கதை தெரியாது. யாரோ ஒரு பிரேசில்காரர் இறந்ததற்கு ஐயா ஏன் இப்படிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கின்றார் என்று அவன் எண்ணியிருக்கக்கூடும்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குச் சென்றோம். மஃரிபு தொழுகை முடிந்து காக்காவின் கடைக்குப் போனோம். கூட்டம் இல்லை. ஒரு பையனுடைய ஆதார் அட்டையை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு எமக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், ஃபிட்டிபால்டி சகோதரர்களின் கதையைச் சொல்லத் தொடங்கினோம். ஒரு கதை போலவே, தமையனும் தம்பியும், சர்க்கரைக் கூட்டுறவும், தீப்பற்றிய காரும் என்று சொல்லிக்கொண்டு போனோம். காக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1978இல் இரண்டாமிடம் வந்த இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப அந்தக் காரு நல்லா ஓடியிருக்கு?"

"அந்த ஒரு வருசம் ஓடிச்சு காக்கா."

"அப்புறம் ஏன் ஓடல?"

"அடுத்த வருசத்துக்குப் புதுக் காரு கட்டினாங்க. அது சரியா வரல."

"பழைய காரை என்ன செஞ்சாங்க?"

"மறுபடியும் அதையே எடுத்து ஓட்டினாங்க. அதுக்குள்ள மத்தவங்க முன்னால போயிட்டாங்க."

காக்கா நகல் எந்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே சிக்கியிருந்த தாள் துண்டு ஒன்றை இரண்டு விரல்களால் மெல்ல உருவி எடுத்தார். "அதான் தப்பு" என்றார். "ஓடுற மெஷினை மாத்தப்புடாது. நானும் அதைத்தான் செஞ்சேன். மினி ஆஃப்செட்டை வித்திருக்கக் கூடாது. பில் புத்தகம் அடிச்சுக்கிட்டே, ராத்திரியில சின்னச் சின்னதாப் போட்டிருக்கலாம். அந்தச் சிவகாசி மெஷின் வந்த அன்னைக்கே சிலிண்டர்ல கோளாறு. ஆபரேட்டருக்குச் சம்பளம் கொடுத்தே பாதிக் காசு போச்சு." பிறகு எம்மைப் பாராமலே, "நீ வந்திருந்தாலும் அது ஓடியிருக்காது தம்பி" என்றார்.

பதினைந்து ஆண்டுகளாக யாம் கேட்காத வினாவுக்கு அவர் சொன்ன விடை அது. அது உண்மையா, அன்றி எம்மைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று எம்மால் துணிய இயலவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று பார்த்தோம். அவர் எந்திரத்துக்குள் குனிந்திருந்தார்.

"அந்தத் தம்பி என்ன ஆனான்?" என்று கேட்டார் சற்றுப் பொறுத்து.

சொன்னோம். சில ஆண்டு ஓய்வுக்குப் பின் எமர்சன் அமெரிக்கா சென்று அங்குள்ள பந்தயங்களில் ஓட்டினார். 1989இல், நாற்பத்திரண்டாம் வயதில், இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்றார். அவ்வாண்டின் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றார். 1993இல் மீண்டும் இண்டியானாபோலிசில் வெற்றி. அங்கு வென்றவர் பால் அருந்துவது மரபு. பிரேசிலில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த எமர்சன் ஆரஞ்சுச் சாற்றை எடுத்துக் குடித்தார். ரசிகர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. காக்கா சிரித்தார். அச்சகம் மூடிய பின் அவர் வாய்விட்டுச் சிரித்து யாம் பார்த்தது அரிது.

"நாற்பத்திரண்டு வயசிலயா?" என்றார்.

"ஆமா காக்கா."

எமக்கு இப்போது அதனினும் கூடுதல் அகவை என்பதை அவர் எண்ணினாரோ, என்னவோ. கடை மூடும் நேரமாகிவிட்டது. உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். ஷட்டர் ஒரு பக்கம் துருவேறி இறுகியிருக்கும். தனியாக இழுத்தால் கோணிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். "அந்தப் பக்கத்தைப் பிடி" என்றார். பிடித்தோம்.